ஜன்னலுக்கு எதிரே சோளக்காடு

துணி உலர்த்த எங்கள் மொட்டை மாடியைப் போல வாகான இடம் கிடையாது. எதிரே சோளக்காடு இருப்பதால் காற்று அப்படி.

நாங்கள் குடிவந்தபோது சுற்றிலும் வயல்தான். இப்போது எங்கு பார்த்தாலும் வீடு. நடுவில் அக்காவின் சோளக்காடு மட்டும், பொக்கை வாயில் ஒற்றைப் பல் மாதிரி. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். கண் பூத்துப்போனால் நிமிர்ந்து அந்தப் பச்சையைப் பார்ப்பேன். வேறு கெட்ட பழக்கம் எதுவும் எனக்கு இல்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல, பழக்கத்தில் அக்கா. கணவர் போனபின் தனியாக அந்த நிலத்தைக் கட்டிக்காத்தவர். ஒருநாள் ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"இத்தனை வீட்டுக்கு நடுவுல ஒத்தையா மாரடிக்க முடியலம்மா. வித்துட்டு மக வீட்டோட போயிடலாம்னு இருக்கேன்."

"நல்ல முடிவுக்கா," என்றேன். வாயில் குண்டூசிகள் இருந்ததால் அதிகம் பேச முடியவில்லை.

நிலம் பார்க்க முதல் ஆள் வருவதற்கு முன், எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து ஹோஸ் போட்டுக் காட்டை ஊறவைத்தேன். வந்தவர் கணுக்கால்வரை புதைந்தார்.

"மழையே இல்ல, எப்படிம்மா இவ்ளோ சேறு?"

"ஊத்து சார்," என்றேன் மாடியிலிருந்து. "அடியில பொங்கிட்டே இருக்கும். எங்க வீட்டு பீரோவே ஒருவாட்டி மிதந்துச்சு."

அடுத்தவருக்குப் பாம்பு. பழைய சைக்கிள் ட்யூபில் நூல் கட்டி, மதிலுக்குப் பின்னாலிருந்து இழுத்தேன். ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அதைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன். அடுத்தவர் பொருள் நமக்கெதற்கு?

மூன்றாமவர் அழுத்தக்காரர். சேற்றுக்கும் மசியவில்லை, பாம்புக்கும் மசியவில்லை. பத்திரப்பதிவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அக்கா துணிமணிகளை மூட்டை கட்டினார். என்னிடம் வந்து, "உன்னை விட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கு," என்று கண் கலங்கினார். கேட்டீர்களா? போவதில் அவருக்கே மனமில்லை.

விடிந்ததும் மோட்டார் போட பம்ப் ரூம் படியிறங்குவது அவர் வழக்கம். படியில் எண்ணெய் எப்படி வந்தது என்று அவருடைய மகள் உங்கள் ஸ்டேஷனில் வந்து கேட்டிருக்கிறாள். தையல் மெஷின் எண்ணெய்தான் சார். நான்தான் ஊற்றினேன். ஒரு சுளுக்கு விழும், நாள் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். இடுப்பெலும்பு முறியும் என்று யார் கண்டது? நாலு சொட்டு போதும் என்றிருக்கலாம். என் கை எப்போதும் தாராளம்.

மூன்றாமவர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு நிலம் வாங்கிக்கொண்டார். மகள் வீட்டில் பாய் விரிக்கலாம், படுத்த படுக்கையானவருக்குக் கட்டில் போட இடமில்லை. அதனால் அக்காவை நானே அழைத்து வந்துவிட்டேன். ஆள் வைத்துச் சோளம் விதைக்கிறேன். வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்டுகிறேன். வேண்டுமானால் மாடி அறைக்கு வந்து பாருங்கள். இருப்பதிலேயே நல்ல ஜன்னலோரமாகக் கட்டில் போட்டிருக்கிறேன்.

ஆனால் தினமும் நான் திரையை விலக்கியதும் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பாவம், வெளிச்சம் கண் கூசுகிறது போலிருக்கிறது.