கோழி வளர்ப்புக்கு முதல் பரிசு

இல்லைங்கறேன் மோளே! எத்தனை தடவை சொல்றது? அந்தப் பத்திரிகைக் கட்டு இந்த ஆத்துலே இல்லை. என் நாத்தனார் ஸ்ரீலக்ஷ்மி பெங்களூருக்குக் கொண்டுபோயாச்சு. பேரு ஆர்ஷாதானே? ஆர்ஷா, சும்மா நிக்கறதுக்கு இந்தக் கொலு பொம்மையெல்லாம் பிரிச்சுக் கொடேன். பிரிச்சுண்டே பேசலாம்.

அந்தப் பழைய பத்திரிகையையா உங்க லைப்ரரியிலே கண்ணாடிப் பெட்டியிலே வைக்கப் போறேள்? கஷ்டம்! நான் கண்ணாலே பார்த்ததில்லை, மாமனார் சொல்லிக் கேட்டதோட சரி. யுத்த காலத்துலே பட்டாளத்துக்காராளுக்குப் பாடமாம். பர்மாவிலே குண்டு விழுந்துண்டிருக்கு... அதுலே கொசுவலை கட்டறது எப்படி, ஊருக்குத் திரும்பினா என்ன தொழில் பண்றது... கட்டுரைப் போட்டி வேறே! மாமனார் அனந்தநாராயணன் பட்டாளத்துலே கிளார்க். துப்பாக்கியே பிடிச்சதில்லை, பேனாதான். கோழி வளர்ப்புன்னு எழுதி முதல் பரிசாம். கோழி! கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துலே பொறந்து, ஜன்மத்துலே முட்டையைத் தொடாத மனுஷர்!

சிரிக்காதே. அப்பா பேரு அச்சுலே வந்த அந்த ஒத்தைப் பக்கத்துக்காக எங்காத்துக்காரர் ஸ்ரீகண்டன் உசிரை விடறார். மாமியார் காரியம் முடிஞ்சு அலமாரியைத் திறந்தா, கட்டைக் காணோம். "உங்க தங்கை பெட்டி போறச்சே ரொம்பக் கனமா இருந்ததே"ன்னேன். பின்னே, நான் சொல்லாம யார் சொல்லுவா? அன்னிலேர்ந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை. அவ சத்தியம் பண்ணி அழுதா... அழட்டும்! அடுத்த மாசம் அவ பொண்ணு மீராவுக்குக் கல்யாணம். தாய்மாமன் வரமாட்டேன்னு உக்காந்திருக்கார்.

பார்த்து, பார்த்து! மாமியார் போனதாலே போன வருஷம் கொலு இல்லை. ரெண்டு வருஷமாப் பரண்லே கிடக்கு. ஒரு மூக்கு உடைஞ்சிருக்கா பாரு! எல்லாரும் நியூஸ்பேப்பர்லே சுத்துவா, மை ஒட்டிக்கும். நான் அந்தத் தப்பைப் பண்ணமாட்டேன். மாமியார் ரூம்லே ஏதோ பழைய கட்டு கிடந்தது, நல்ல வழுவழு பேப்பர், அதைக் கிழிச்சு...

ஏன் அப்படியே நின்னுட்டே? செட்டியார் பொம்மைதானே? காட்டு அந்தக் காகிதத்தை. "ஹவில்தார் கிளார்க் அனந்தநாராயணன்... திருவனந்தபுரம்... முதல் பரிசு..."

பகவானே!

மோளே, போனைக் கீழே வை. போட்டோ வேண்டாம். படியிலே செருப்புச் சத்தம்... இவர்தான். நான் சொல்றதைக் கேளு. பெங்களூர்லேர்ந்து தபால்லே வந்ததுன்னு சொல்லிடு. எடுத்தவளே திருப்பி அனுப்பிட்டாள்னு... என்ன போறது உனக்கு?

ஏண்டி முறைக்கறே? நில்லு, எங்கே போறே? அந்தக் காகிதத்தை வைச்சுட்டுப் போ! அய்யோ, அவரை ஏண்டி கூப்பிடறே!