தன் கடை முன் வாகனம் நிறுத்தாத தலைவர்

அஸ்ஸலாமு அலைக்கும். மேடையிலுள்ள உலமாக்களே, பெரியோர்களே, நமது தலைவரின் நினைவுக் கூட்டத்துக்குக் கடைகளை அடைத்துவிட்டு வந்திருக்கும் கல்முனைச் சந்தை வீதி வர்த்தகர்களே,

சில வருடங்களுக்கு முன் நமது வர்த்தக சங்கம், மூன்று கூட்டங்கள் விவாதித்து, ஒரு சரித்திர முடிவை எடுத்தது. எந்தக் கடை முதலாளியும் தன் வாகனத்தைக் கடைகளுக்கு முன்னால் நிறுத்துவதில்லை என்பதே அந்த முடிவு. முன்மொழிந்தவர் நமது தலைவர் மர்ஹூம் அல்ஹாஜ் முகம்மது தம்பி அவர்கள்.

அதற்கு முன் நாம் எப்படி வியாபாரம் செய்தோம்? காலையில் வந்து நமது வாகனங்களை வரிசையாக நிறுத்துவோம். வாடிக்கையாளர் வந்து பார்த்து, இடமில்லாமல் அக்கரைப்பற்றுக்குப் போவார். பிறகு நாம் கூடி, வியாபாரம் விழுந்துவிட்டதென்று அரசாங்கத்துக்கு மகஜர் அனுப்புவோம்.

அப்போதுதான், மருதமுனைக் கைத்தறிப் புடவை விற்கும் ஸுஹைறா கடையைப் பூட்டி, திறப்பை உரிமையாளரிடம் கொடுத்துவிடப் போகிறார் என்ற செய்தி வந்தது. கணவரை இழந்தவர். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. தலைவர் நேரில் போனார். செயலாளர் என்பதால் நானும் போனேன்.

"ஏன் புள்ள, சாமான் போகுதில்லயா?"

"சாமான்ல குறையில்ல ஹாஜியார். முன்னால உங்கட லொறி நிக்கிது. அதுக்குப் பின்னால ஒரு கடை இரிக்கி எண்டு எனக்கு மட்டுந்தான் தெரியும்."

தலைவர் திரும்பிப் பார்த்தார். அவரது இரும்புக்கடை லொறிதான். "ஓம்," என்றார். "ஒரு மாசம் பொறுங்க புள்ள. திறப்பக் குடுத்திராதீங்க." சங்கத் தலைவராகப் போனவர் லொறிக்காரராகத் திரும்பி வந்தார்.

பிறகு நடந்த சங்கக் கூட்டத்தில் தம்பி றிஸ்மி எழுந்தார். இங்கேதான் இருக்கிறார், மறுக்கமாட்டார். "என்ட கடை, என்ட வாசல், என்ட பைக். இதுல சங்கத்துக்கு என்ன?"

"ஒண்டுமில்ல தம்பி. உள்ளுக்கு ஆள் வரல்லாட்டி, வாசல்ல நிக்கிற பைக்கையே வித்துப்போடுங்க," என்றார் தலைவர்.

தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் ஒருவரும் பின்பற்றவில்லை. தலைவர் அபராதம் போட்டாரா? பொலிஸை அழைத்தாரா? இல்லை. லொறியைச் சந்தைக்குப் பின்னாலுள்ள வெற்று வளவில் விட்டுவிட்டு, தினமும் காலையில் வீதி முனையில் நின்றார். பைக்கில் வந்த ஒவ்வொருவருக்கும் முந்திக்கொண்டு ஸலாம் சொன்னார். அந்த ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, அவர் கண்முன்னே கடை வாசலில் பைக்கை நிறுத்தும் துணிவு நம்மில் எவருக்கு இருந்தது? நாமும் வளவில் விட்டுவிட்டு நடந்தோம். ஒரே வீதியில் இருந்தும் கதைக்காத வியாபாரிகள், வேறு வழியில்லாமல், அந்த நடையில் கதைத்தார்கள்.

அல்லாஹ் அவருக்கு உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. அவர் பணியை எப்படித் தொடர்வோம்? வீதி முனையில் காலையில் ஒருவர் நிற்க வேண்டும். நிர்வாகக் குழு முறை வைத்து நிற்கும். நாளை என் முறை, அடுத்த நாள் றிஸ்மி.

ஸுஹைறா திறப்பைக் கொடுக்கவில்லை. பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அங்கே நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள்.