நாலாவது பிளக்கு

இல்ல சார், இதுக்கு மேல அடிச்சா இன்ஜின் ஒடம்பே வெடிப்பு விட்டுடும். வார்ப்பு இரும்பு, வளையாது, ஒடஞ்சிடும். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க, எண்ணெ ஒட்டாது, இப்பத்தான் தொடச்சேன்.

ஆயில் போற வழிய மூடுற பிளக்கு நாலுல மூணு வந்துடுச்சுல்ல, நீங்களே பாத்தீங்க. சூட்ட பிளக்குல காட்டக் கூடாது, சுத்தியிருக்குற இரும்புல காட்டணும். அது விரியிற நேரத்துல மெழுகுவர்த்திய மரையில வெச்சா, உருகி உள்ள எறங்கிடும். அப்புறம் ரெண்டு தட்டு தட்டி, கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்ன, கொழந்தைய சமாதானம் பண்ற மாதிரி. இந்த நாலாவது ஒண்ணுதான் எதுக்கும் மசிய மாட்டேங்குது. மேல ஒரு நட்டு வெச்சு வெல்டிங்கும் பண்ணிப் பாத்தாச்சு. நட்டு கையோட வந்துடுச்சு, பிளக்கு அப்படியே இருக்கு.

ஏன் வரலையா? பழசு சார். என் வயசு இருக்கும் இந்த இன்ஜினுக்கு. துரு.

ஆமா, போன மாசம் நான்தான் இத பிரிச்சு வேல பாத்தேன். ஆனா இந்த நாலாவதத் தொடல. சரி, உங்க ரிப்போர்ட்டுல எழுதிக்குங்க.

மத்த மூணு வழியும் சுத்தமா இருக்குன்னு எழுதிட்டீங்களா? அப்ப இதையும் வரலன்னு எழுதிடுங்களேன். இல்ல, சும்மா கேட்டேன்.

அவரா? இவ்வளவு நேரம் என் பக்கத்துல நின்னுட்டு இப்ப கடைக்குப் போனாரே, அவர்தான் வண்டி ஓட்டுனவரு. எங்க அக்கா வீட்டுக்காரர். பதினெட்டு வருஷமா கம்பெனி வண்டிதான் ஓட்டுறாரு. தெனமும் காலையில ஆயில் பாக்காம சாவியத் திருப்ப மாட்டாரு. நாங்க கிண்டல்கூடப் பண்ணுவோம், அக்கா மொகத்தப் பாக்க மறந்தாலும் ஆயில் பாக்க மறக்க மாட்டாருன்னு. இப்ப கம்பெனிக்காரங்க, ஆயில் இல்லாம ஓட்டி இன்ஜின நாசம் பண்ணிட்டாருங்குறாங்க. உள்ள ராடு ஒடஞ்சு பக்கவாட்டக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துடுச்சு, இருந்த ஆயில் பூரா ரோட்டுல. இருந்துச்சுன்னு அவரு எதக் காட்டுவாரு? எச்சரிக்கை வெளக்கு எரியவே இல்லன்னு நெஞ்சுல கை வெச்சு சொல்றாரு. யாரு நம்புறா? உங்க ரிப்போர்ட்டு வந்தாத்தான் திரும்ப வேலைக்கு எடுக்குறதா, நிறுத்துறதான்னு சொல்லுவாங்களாம். அக்கா ரெண்டு வாரமா சரியா சாப்பிடல.

வெளக்கு எரியாம இருக்குமான்னா, இருக்கும் சார். வெளக்குக்கான சென்சாரத் தாண்டி, ஆயில் போற வழியில அடைப்பு இருந்தா எரியாது.

இல்ல, பொதுவா சொன்னேன்.

அவரு தானா கடைக்குப் போகல, நான்தான் அனுப்புனேன். இன்னொரு மெழுகுவர்த்தி வாங்கிட்டு வாங்க மச்சான்னு. அதோ, அந்த டப்பாவுல நாலு கெடக்கு, நீங்களும் பாத்திருப்பீங்க. காலையிலேர்ந்து கூடவே நிக்குறாரு சார். எனக்குக் கை சுடுதுன்னு அவரு துணிய நனைச்சுக் குடுக்குறாரு. நீ இருக்க, எப்படியும் கழட்டிடுவேங்குறாரு. அவரு நிக்கும்போது எனக்கு வாய் வரமாட்டேங்குது.

துரு இல்ல சார் இது. காலையில ஆறரைக்கே இந்தப் பிளக்கு கழண்டு வந்துடுச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடி தனியா வந்து பிளக்கக் கழட்டுற சாவியப் போட்டேன், சும்மா தண்ணிக் கொழா மாதிரி திரும்புச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். பாத்துட்டுத் திரும்ப மாட்டிட்டேன். சாவிக்கு நீளப் பைப்பு மாட்டி, என் வெயிட்டு பூரா போட்டு இறுக்குனேன். சாவி போற குழிய மழுங்கடிச்சேன். ஓரத்துல உளி வெச்சு நாலு எடத்துல அடிச்சேன். இப்ப நெஜமாவே வரல. நானே நெனச்சாலும் வரல.

தொடலன்னு சொன்னது பொய் சார், போன மாசம் இந்த நாலாவதுல இருந்த பழைய பிளக்க ட்ரில் போட்டுத்தான் எடுத்தேன். இரும்புச் சுருளு வழியில விழுந்துடக் கூடாதேன்னு உள்ள துணி அடைச்சேன். எல்லாரும் செய்யிறதுதான். வேல முடிஞ்சதும் எடுக்கணும். ஏன் எடுக்கல? தெரியல சார். எத்தன ராத்திரி யோசிச்சேன். புதுப் பிளக்க இறுக்குனது ஞாபகம் இருக்கு, துணிய எடுத்தது ஞாபகம் இல்ல. துணி வழியா ஆயில் கசிஞ்சு கசிஞ்சு வண்டி பதினோரு நாள் ஓடியிருக்கு.

ட்ரில் போடலாம் சார், வேற வழியில்ல. ஓட்ட விழுந்ததும் அந்தத் துணியோட நூல் ட்ரில்லுல சுத்திக்கிட்டு வெளிய வரும். நீலக் கட்டம். அக்கா ஒரே துணியில எங்க ரெண்டு பேருக்கும் சட்டை தெச்சுக் குடுத்தா. என்னுது சீக்கிரம் கிழிஞ்சிடுச்சு, அழுக்குத் தொடைக்க வெச்சிருந்தேன். அவரோடது இன்னும் புதுசா இருக்கு. நீங்க வர்றீங்கன்னு இன்னிக்கு அதத்தான் போட்டுட்டு வந்திருக்காரு.

வாங்க மச்சான். மெழுகுவர்த்திய அங்கயே வெச்சிடுங்க. இப்படி வந்து உக்காருங்க, சார்கிட்ட ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தேன்.