பார்த்து முடியாத பழங்கள்

குரோருட் என்ற புறநகருக்குப் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். ஓவியக் கூடத்தில் வாங்கிய தபாலட்டை தங்கையின் மடியில் கிடந்தது. அதில், ஒரு தட்டு நிறைய அப்பிள்கள் வரைந்த ஓவியம்.

“இதைச் சாப்பிடச் சொல்லி அந்தாளை ஆரும் ஆக்கினைப்படுத்தேல்லை, என்ன?” என்றாள் தங்கை.

“எந்தாளை?”

“இதைக் கீறினவரை. வெளிச்சத்தைக் கீற ஆறு, தோட்டம் எண்டு திரிஞ்ச மனுசனாம். கடைசியிலை நடக்க ஏலாமல் அறைக்குள்ளை இருந்து பழங்களைக் கீறினவராம்.”

அண்ணன் தபாலட்டையை வாங்கிப் பார்த்தார்.

“அப்பாவும் முதியோர் இல்லத்திலை, நாங்கள் கொண்டுபோற பழத்தை யன்னலடியிலைதானே அடுக்கி வைப்பார்.”

“ஓம் அண்ணா. ஒண்டையும் வாயிலை வைக்கமாட்டார்.”

“அழுகப்போகுது, சாப்பிடுங்கோ எண்டு ஒவ்வொரு ஞாயிறும் நான் ஏசுறனான்.”

“அவர் என்ன சொல்லுறவர்?”

அண்ணன் தபாலட்டையைத் தங்கையின் மடியில் திருப்பி வைத்தார்.

“போன ஞாயிறு, ‘இருக்கட்டும் தம்பி, இன்னும் பார்த்து முடியேல்லை’ எண்டவர்.”

“நீங்கள்?”

“எல்லாத்தையும் தோல் சீவி, வெட்டி வைச்சிட்டு வந்தனான்.”