கோட்டில் விழுந்த பந்து உள்ளேதான்

கோட்டின் மேல் விழுந்த பந்தை வெளியே விழுந்தது என்றார்கள். வென்றவளைத் தோற்றவள் என்றார்கள். நியாயம் கேட்ட என்னை நச்சரிப்பவன் என்றார்கள். நான்கு ஆண்டுகளாக நமது மருத்துவமனை விளையாட்டு மன்றத்தில் நின்று நிலைத்த அநியாயம் இதுதான். இதைச் சொன்ன பிறகே வணக்கம் சொல்வது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேன். இனி வணக்கம்.

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமைச் செவிலியர் அம்மா அவர்களே! என் வாயை அடைக்க அரும்பாடுபட்ட மன்றச் செயலாளர் அவர்களே! மேடை ஓரத்தில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் நடுவர் அவர்களே, நிமிருங்கள், இன்று உங்களைத் திட்டப் போவதில்லை! சலவைப் பிரிவின் சகோதரிகளே! சமையல் கூடத்துச் சிங்கங்களே! மூத்தோரே, தாய்மார்களே! பாய்லர் அறையில் முப்பது ஆண்டுகள் வெந்து, ஓய்வு பெற்ற பின்னும் ஓயாத இந்தக் கிழவனின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

என்ன தம்பி? சுருக்கமாகவா? நான்கு ஆண்டுகள் பேச விடாமல் வைத்திருந்துவிட்டு இப்போது சுருக்கமாகப் பேசு என்றால் எப்படி? உட்காருங்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டம். சலவைப் பிரிவும் சமையல் கூடமும் மோதின. புள்ளி எழுதும் மேசையில் நான். ஆளுக்கு இரண்டு செட். ஐந்தாவது செட், பதினைந்து புள்ளி ஆட்டம். சலவை பதினான்கு, சமையல் பதின்மூன்று. இன்னும் ஒரே ஒரு புள்ளி! பந்து உயர்ந்தது. என் மருமகள் எழும்பினாள். ஈரத் துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கை அது. அடித்தாள்! எதிரணியின் பின்கோட்டில் போய் விழுந்தது பந்து.

விழுந்தது கோட்டில்தானா என்று யாருக்கும் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அந்தப் பின்கோட்டுக்கு அன்று காலையில்தான் வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது காயவில்லை. பந்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. நடுவரே அந்தப் பந்தைக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினார். காட்டிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"நல்லா பாருங்க, கோட்டுல பட்டிருக்கு. அதனாலதான் அவுட்!"

வழக்கமான நடுவருக்கு அன்று காய்ச்சல். இவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். இருபது ஆண்டுகள் பேஸ்கட்பாலுக்கு மட்டுமே விசில் ஊதியவர். பேஸ்கட்பாலில் கோடு வெளியே. வாலிபாலில் கோடு உள்ளே. அதுவரை ஒரு பந்துகூடக் கோட்டில் விழாததால் அவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாய்லர் சூடேறும் நேரத்தில் விதிப்புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தவன். கேளுங்கள்! டென்னிஸில் கோட்டைத் தொட்ட பந்து உள்ளே. கால்பந்தில் பந்து முழுதாகக் கோட்டைக் கடந்தால்தான் கோல். முக்கால் பந்து கடந்தாலும் கோல் இல்லை. கிரிக்கெட்டில் ஓடி வருபவரின் மட்டை கோட்டின் மேலேயே நின்றுவிட்டால் ரன் அவுட். ஒரே தரையில் மூன்று ஆட்டத்துக்கு மூன்று நிறத்தில் கோடு போட்டவர்களே! நிறத்தை மாற்றினீர்கள், சரி. விதியும் மாறும் என்று யோசித்தீர்களா?

அந்தப் புள்ளி போனது. பதினான்குக்குப் பதினான்கு ஆனது. பதினாறில் சமையல் கூடம் வென்றது. செயலாளர் ஆட்டத்தாளை நீட்டினார்.

"பெரியவரே, நடுவர் சொன்னா சொன்னதுதான். கையெழுத்து போடுங்க."

"போட மாட்டேன்."

"எப்பதான் போடுவீங்க?"

"கோடு உள்ளேன்னு நீங்க எழுதிக் குடுக்கிற அன்னிக்கு."

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். என்னைப் புள்ளி மேசையிலிருந்து நீக்கினார்கள். நான் அசையவில்லை. ஆனால் என் மருமகள்? சலவைப் பிரிவில் ஒரு துணி கீழே விழுந்தால்கூட "அவுட்டு!" என்று கத்தினார்கள். அவள் பெயரே "அவுட்டு" ஆகிப்போனது. காலணியைக் கழற்றிப் பரணில் போட்டாள். "விடுங்க மாமா, நான்தான் ஆடலையே. நீங்களும் கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்றாள். அன்று மட்டும்தான் அந்தத் தாளைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்தேன். அப்போதும் பேனாவைத் திறக்கவில்லை.

சென்ற வாரம் வாசலில் வந்து நின்றார் நம் நடுவர். அவர் மகள் இப்போது பள்ளியில் வாலிபால் ஆடுகிறாளாம். பந்து கோட்டில் விழுந்ததும் பார்வையாளர் வரிசையில் எழுந்து இவர் "அவுட்!" என்று கத்தியிருக்கிறார். அந்தப் பெண் திரும்பி, "அப்பா, மானத்தை வாங்காதீங்க! வாலிபால்ல கோடு உள்ளப்பா!" என்றாளாம்.

சிரிக்காதீர்கள். ஒரு மனிதர் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார், அதைப் பாருங்கள். என் மருமகள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இப்ப சொல்லுங்கண்ணே. உள்ளயா, வெளியவா?"

"உள்ளம்மா. அன்னிக்கே உள்ளதான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை, சிரிப்புதான். நான்கு ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடந்த பாரம் அந்தச் சிரிப்பில் இறங்கியது. மறுநாள் காலை கொடியில் பார்த்தேன். பரணில் கிடந்த காலணி துவைக்கப்பட்டு, தண்ணீர் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. தவறை ஒப்புக்கொண்ட நடுவருக்கு என் கைகூப்பு. ஆனால் நன்றியோடு எழுந்து போய்விடாதீர்கள். வேலை இருக்கிறது.

நடுவர் அவர்களே, இந்தத் தாளில் பதினைந்துக்குப் பதின்மூன்று என்று திருத்தி உங்கள் கையால் எழுத வேண்டும். செயலாளர் அவர்களே, எந்த ஆட்டத்தில் கோடு உள்ளே, எந்த ஆட்டத்தில் வெளியே என்று அரங்கச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதி வைக்க வேண்டும். எழுத்துப்பிழை பார்க்க நான் வருவேன். சமையல் கூடத்து அணித்தலைவி அவர்களே, கோப்பையைத் தர வேண்டும். என்னது? கரண்டி போட்டு வைத்திருக்கிறீர்களா? கரண்டியை எடுத்துவிட்டுத் தாருங்கள். "அவுட்டு" என்று கத்திய வாய்கள் நாளை மாலை ஆட்டத்துக்கு அரங்குக்கு வந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். நான், என் பேனாவைத் திறக்க வேண்டும், இதோ, திறந்துவிட்டேன்.

மருமகளே, காலணி காய்ந்துவிட்டது. நாளைய ஆட்டத்தின் முதல் சர்வீஸ் நீதான் போட வேண்டும்.