டேரில் மரம்

— ரம்பத்தைக் கீழ வை ஓரெஸ்ட். என் மகன் மரத்துல இனி ஒரு கிளையைக்கூடத் தொட விடமாட்டேன்.

— கிளை இல்ல ஸ்டெஃபா. இந்தக் காட்டு ஆப்பிள் மரத்தையே எடுக்கணும்ங்கறேன். அடியோட.

— உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?

— நுனியைப் பாரேன். கொக்கியாட்டம் வளைஞ்சு, நெருப்புல வாட்டினாப்ல கருகிக் கெடக்கு. தீக்கருகல் நோய். மூணு வாரத்துல அடிமரம் வரைக்கும் இறங்கிடுச்சு. பட்டைலேருந்து பிசின் வடியுது பாரேன். இனி என்னத்தச் சொல்ல.

— மே மாசம் எப்படிப் பூத்துச்சு! இலையே தெரியல, அவ்வளவு சிவப்பு. தானிய லாரிக்காரன் வண்டியை நிறுத்திட்டுப் பார்த்தான்யா.

— பூத்த நேரத்துலதான் அந்தச் சனியன் உள்ள நுழையும்.

— இருபத்திரெண்டு வருஷம்! டேரில் மீன் பிடிக்கப் போய், உறைஞ்ச ஏரி மேல பனிக்கட்டி உடைஞ்சு வண்டியோட உள்ள போன வருஷம் நட்டது. பனிக்காலத்துல முயல் பட்டையைக் கடிக்காம அடியில வலை சுத்தி, கோடையில பாத்திரம் கழுவின தண்ணியைத் தூக்கித் தூக்கி ஊத்தி வளர்த்தேன். நீ எவனோ மாதிரி வந்து நின்னுட்டு அடியோடங்கிற.

— எவனோவா? அவனை ஏரிலேருந்து தூக்கின நாலு பேர்ல நானும் ஒருத்தன்.

— ...தெரியும்.

— நாளைக்கு மழையாம், ரேடியோல சொன்னான். மழைல தெறிச்சுதுன்னா சர்ச் வாசல்ல இருக்கற ஆறு மரமும் காலி. இன்னிக்கே வெட்டி எரிச்சாகணும்.

— அப்ப லீசா நெனச்சது நடக்கட்டும்னு சொல்லு. 'கால்கரிக்கு வாம்மா, ரூம் ஒண்ணு சும்மா கெடக்கு'ன்னு ஏழு வருஷமா கூப்பிடறா. 'உங்க அண்ணன் மரத்தை யாருடி பார்த்துக்குவா'ன்னு ஏழு வருஷமா ஒரே பதில்தான்.

— ஸ்டெஃபா, ஒண்ணு சொல்லணும். சொல்லாம ஒரு வாய் சாப்பாடு இறங்கல எனக்கு.

— சொல்லித் தொலை.

— நான்தான் கொன்னேன்.

— யாரை?

— உன் மரத்தை. பூத்து நிக்கறப்ப ஈரப் பனி கொட்டி நடுக்கிளை முறிஞ்சுதுல்ல? நீ டாஃபின் ஆஸ்பத்திரில கண் ஆபரேஷன் முடிச்சுட்டு வந்து கட்டோட படுத்துக் கெடந்த. உனக்கு ஒரு உபகாரமா இருக்கட்டுமேன்னு வந்து அறுத்தேன். அன்னிக்குக் காலைலதான் எதிர்ல என் வீட்டு மரத்துல கருகலை அறுத்திருந்தேன். அதைப் போன வருஷமே பார்த்துச் சொன்னவளே நீதான். இதே ரம்பம்.

— ம்.

— செடி நர்சரில பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவ நீ. 'கிருமி ஒட்டிக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பத்தைப் பிளீச் தண்ணில ஒரு முக்கு'ன்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்ப! வாளி வண்டிலதான் இருந்துச்சு. குளிர்ல கை விறைச்சுப் போச்சு. ஒரே கிளைதானேன்னு விட்டுட்டேன். பாவி. பேசு ஸ்டெஃபா. திட்டு. கட்டையெடுத்து அடி. இப்படிப் பார்க்காத.

— அழாதய்யா. ஆம்பளை அழுதா பார்க்கச் சகிக்கல.

— அந்தப் பையனைத்தான் காப்பாத்த முடியல. அவன் மரத்தையாவது...

— போதும் நிறுத்து. ஒவ்வொரு மே மாசமும் அது பூக்கறப்ப எனக்கு அவன் திரும்பச் செத்தான், தெரியுமா உனக்கு? ஊரே 'என்ன அழகு'ன்னு வந்து நிக்கும். நான் சமையலறைல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன்.

— இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீ சொன்னதில்லையே.

— யார்கிட்ட சொல்ல? அதோட பழத்துல ஜெல்லி காய்ச்சி வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன். நக்கித் தின்னுட்டு 'நல்ல தாய்'னு சொன்னீங்க எல்லாரும். நான் எப்படி வாயைத் தொறப்பேன்?

— மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும் எனக்கு.

— ரம்பத்தை எடு. அடியிலேருந்து அறு. நான் போய் லீசாவுக்கு போன் போடறேன்.

— மன்னிச்சியா இல்லையா?

— கட்டு ஒரு கண்ணுலதான் போட்டிருந்தாங்க ஓரெஸ்ட். நான் படுத்துக் கெடக்கல, ஜன்னல்கிட்ட நின்னேன். எதிர்ல நீ உன் மரத்தை அறுத்ததையும் பார்த்தேன், வாளியை வண்டிலயே விட்டுட்டு இங்க வந்ததையும் பார்த்தேன். கண்ணாடியை ஒரு தட்டு தட்டியிருந்தா போதும். கையைத் தூக்கினேன். தட்டல.