காருக்குச் சுறா எண்ணெய்

பழவேற்காட்டிலிருந்து ஏரியைத் தாண்டும் படகில், எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் ஒரு டின். காற்று விழுந்து பாய் தொங்கியது. படகு போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

“சுறா எண்ணெய் படகுக்கா அண்ணி?”

“காருக்கு. உப்புக் காத்துல துருப் புடிக்குதுன்னு உங்கண்ணன் அடித்தகடு பூரா பூசறாரு. ஊர்ப் பூனையெல்லாம் அதுக்கடியிலதான் கெடக்குது.”

“ரோடே இல்லாத தீவுக்கு, ரெண்டு படகைச் சேத்துக் கட்டி ஏத்தினு வந்த ரெண்டு கதவு வண்டி. ஒரு காலத்துல ரேஸ் வண்டி மாதிரி பறந்துச்சாம். இப்ப இன்னாத்துக்கு? பொன்னேரியில ஒருத்தர் கேக்கறாரு. வித்துடச் சொல்லத்தான் வரேன்.”

“நீயே சொல்லிப் பாரு. சைக்கிள் டியூபை வெட்டிக் கதவு இடுக்கெல்லாம் ஒட்டினு இருக்காரு.”

“மழைத்தண்ணி எறங்காம இருக்கவா?”

“அலை சத்தம் எறங்காம இருக்க. உன் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாததிலேர்ந்து அவருக்கு வூட்ல தூக்கமே இல்ல. வண்டியில உக்காந்து கண்ணாடிய ஏத்திட்டா ஒண்ணும் கேக்காது. அப்டியே தூங்கிடறாரு.”

பாயில் மறுபடி காற்று ஏறியது. கரை நெருங்கியதும் இளையவள் டின்னைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

“அந்த வண்டியில பின்சீட்டு இருக்குதா அண்ணி?”